முன்னால் விட்ட இடம்

மேற்குச் சிட்னியில் ஒரு லொறித் தரிப்பிடம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நான் தம்பி என்று அழைக்கும் லொறிச் சாரதி ஒருவர் கையில் சின்ன மரச் சுத்தியலோடு தன் வண்டியைச் சுற்றி வந்தார். முன்வண்டியோடு இரண்டு பெட்டிகள் கொளுவிய லொறி அது. இங்கே ‘பி-டபிள்’ என்பார்கள். 26 மீற்றர் நீளம். முழுப் பாரம் ஏற்றினால் 60 தொன்னைத் தாண்டும். 34 ரயர்களையும் ஒவ்வொன்றாகத் தட்டி, சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டார். காற்று இறங்கிய ரயர் மந்தமாகச் சத்தமிடுமாம். பிறகு பாரம் கட்டிய பட்டிகளை இழுத்துப் பார்த்தார். ஏறி உட்கார்ந்ததும் வேலைப் புத்தகத்தை விரித்து நேரத்தைக் குறித்தார்.

முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்னப் பிள்ளையார் இருந்தார்.

“அப்பாவும் லொறிதான் ஓடினவர் அண்ணை. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில நிப்பாட்டித் தேங்காய் உடைக்காமல் ஒருநாளும் போகமாட்டார். நான் கூடப் போனால் கச்சான் வாங்கித் தருவார். இங்க முறிகண்டி இல்லைத்தானே, அதுதான் பிள்ளையாரை ஏத்திக்கொண்டு போறன்.”

கொம்பனியிடம் அனுமதி வாங்கி அன்றிரவு நானும் அவரோடு போனேன். ஹியூம் நெடுஞ்சாலையில் வண்டி ஒரே சீராக ஓடியது. மணிக்கு 100 கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடாது. ஐந்தரை மணித்தியாலத்துக்குள் குறைந்தது 15 நிமிடம் ஓய்வு எடுக்கவேண்டும். ஒரு நாளில் 12 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. ஏழு மணித்தியாலம் தொடர்ச்சியாக வண்டியை நிறுத்தி ஓய்வெடுக்கவேண்டும். எல்லாம் அந்தப் புத்தகத்தில் ஏறவேண்டும். சாமான் எப்போது போய்ச் சேரவேண்டும் என்று கேட்கிறவர்கள் பலர். ஓடுகிறவர் நித்திரை கொண்டாரா என்று கேட்பது அந்தப் புத்தகம்தான்.

தம்பி ஒரு விஷயத்தைக் கைகாட்டிச் சொன்னார். “முன்னுக்கு விட்டிருக்கிற இடத்தைப் பாருங்கோ. அது பிறேக் பிடிக்கிறதுக்கு விட்ட இடம். கார்க்காரர் தங்களுக்கு விட்டது எண்டு நினைச்சுப் பூந்திடுவினம். நான் திரும்ப வேகத்தைக் குறைச்சு இடம் விடோணும். பிறகும் ஒராள் பூருவார். இரவு முழுக்க இதுதான்.”

அந்த இருட்டில் நான் அவருக்கு ஒரு பழைய கதை சொன்னேன். இந்த நாட்டின் உட்பகுதிக்கு அந்தக் காலத்தில் பாரம் சுமந்தவர்களின் கதை. 1860இல் பேர்க், வில்ஸ் என்ற இருவரின் ஆய்வுப் பயணத்துக்காக மெல்பேர்ணில் ஒட்டகங்கள் வந்திறங்கின. 1866இல் தோமஸ் எல்டர் என்ற செல்வந்தர் தென் அவுஸ்திரேலியாவுக்கு நூற்றுக்கு மேற்பட்ட ஒட்டகங்களையும் அவற்றை ஓட்டுகிறவர்களையும் வரவழைத்தார். ஆப்கானிஸ்தான், பலூசிஸ்தான், சிந்து, பஞ்சாப் என்று பல இடங்களிலிருந்து வந்தவர்கள். எல்லாரையும் ‘ஆப்கான்’ என்றே அழைத்தார்கள். 1872இல் முடிந்த தந்திக் கம்பிப் பாதைக்குச் சாமான் சுமந்தவை அவர்களின் ஒட்டகங்கள். பாலைநிலப் பண்ணைகளுக்கு மாவும் தேயிலையும் கொண்டுபோய், திரும்பும்போது ஆட்டு ரோமப் பொதிகளை ஏற்றிவந்தார்கள்.

மரீ என்ற சிற்றூரில் நான் நின்றிருக்கிறேன். ரயில் பாதையின் ஒரு பக்கம் வெள்ளையர் வீடுகள் இருந்தன. மறுபக்கம் ஒட்டகக்காரரும் ஆதிக்குடிகளும் வாழ்ந்தார்கள். அவர்கள் கட்டிய மண்சுவர்ப் பள்ளிவாசலின் மாதிரி ஒன்று இன்று அங்கே நிற்கிறது.

தம்பி இடைமறித்தார். “அவையின்ர மனுசி பிள்ளையள்?”

பெரும்பாலும் ஊரிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள் என்றேன். இங்கே குடும்பம் அமைத்தவர்களும் உண்டு. ஆனால் 1901இல் வந்த குடிவரவுச் சட்டம் வெள்ளையரல்லாதவரைத் தடுத்தது. 1903ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியாவில் பிறந்தவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே முடியாமல் செய்தது. ஊருக்குப் போய்த் திரும்பிவர நினைத்தவர் கைரேகை பதித்து விலக்குச் சான்றிதழ் வாங்கவேண்டியிருந்தது. 1920களில் மோட்டார் லொறிகள் வந்தன. 1925இல் தென் அவுஸ்திரேலியா ஒட்டக அழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. வளர்த்த பிராணியைச் சுட மனமில்லாத பலர் அவிழ்த்துவிட்டார்கள். இன்று பாலைநிலத்தில் திரியும் காட்டொட்டகங்கள் அவற்றின் வழிவந்தவை.

கொஞ்சத் தூரம் பேச்சில்லாமல் ஓடினோம். தம்பி 2012இல் புகலிடம் தேடிப் படகில் வந்தவர். இன்னும் ‘பிறிட்ஜிங்’ விசாதான். அந்த விசாவில் நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வர உரிமையில்லை, குடும்பத்தைக் கூப்பிடவும் முடியாது.

“வரேக்க மகளுக்கு ஒரு வயசு. இப்ப போனில ‘அப்பா, உங்களவு உயரம் வந்திட்டன்’ எண்டு சொல்றாள். பக்கத்தில நிண்டு பார்த்தால்தானே அண்ணை தெரியும்.”

நள்ளிரவுக்குச் சற்று முன்னர் டார்கட்டா என்ற ஊரை அடைந்தோம். சிட்னிக்கும் மெல்பேர்ணுக்கும் நடுவழி. இரு நகரங்களிலிருந்தும் வருகிற சாரதிகள் இங்கே பெட்டிகளை மாற்றிக் கொளுவிக்கொண்டு, அவரவர் வீட்டுக்குத் திரும்புவார்கள். மெல்பேர்ணிலிருந்து வந்தவர் ஒரு பஞ்சாபி இளைஞர். இருவரும் ஆளுக்காள் உதவி, காற்றுக் குழாய்களைப் பொருத்தினார்கள். 2021 குடித்தொகைக் கணக்கில் சீக்கியர் 2 லட்சத்து 10 ஆயிரத்தைத் தாண்டியிருந்தார்கள். இரவு நேர நெடுஞ்சாலையில் தலைப்பாகை இன்று புதுக்காட்சியில்லை.

அந்த ஊரில் வேலையின்போது உயிரிழந்த லொறிச் சாரதிகளின் பெயர்களைப் பொறித்த ஒரு நினைவுச் சுவர் இருக்கிறது. தம்பி தேநீர் குடிக்கிற நேரத்தில் நான் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் யாரோ விழித்துக் காத்திருந்த ஓர் இரவு உண்டு.

அதே நெடுஞ்சாலையில் இன்னும் தெற்கே போனால், வொடொங்காவுக்குப் பக்கத்தில் பொனகில்லா முகாம். 1947 முதல் 1971 வரை மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் அதன் வழியாக வந்தார்கள். போரில் ஊரிழந்த ஐரோப்பியர்கள் இரண்டு வருடம் சொன்ன இடத்தில் வேலை செய்தார்கள். பிறகு வேண்டிய இடத்தில் குடியிருந்தார்கள், குடிமக்களானார்கள். அகதிக்கு இடம் கொடுக்க இந்த நாட்டுக்குத் தெரியும். அன்று அவர்களுக்குச் செய்ததை, பத்து வருடத்துக்கு மேலாக நம் வீடுகளுக்கு அரிசியும் பாலும் சுமக்கிற தம்பி போன்றவர்களுக்கும் செய்வதே நீதி.

அதற்காக நாம் குரல் கொடுக்கவேண்டும். கடிதம் எழுதவேண்டும், தொகுதிப் பிரதிநிதியிடம் கேட்கவேண்டும். அதற்கெல்லாம் காலம் எடுக்கும். இன்றிரவே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் ஒரு லொறிக்கு முன்னால் வெற்றிடம் தெரிந்தால் தயவுசெய்து உங்கள் காரை அதற்குள் நுழைக்காதீர்கள். 60 தொன் நிற்பதற்கு அந்த இடம் வேண்டும்.