அன்னை அளித்த பிள்ளை

பாபநாசம் உலகாம்பிகை சந்நிதியின் முன்னுள்ள உரலில் பெண்கள் விரலி மஞ்சள் இடித்து, அன்னையின் அபிஷேகத்திற்கு அளிப்பது நெல்லைச் சீமை அறிந்த வழக்கம். மணிமுத்தாற்றைச் சேர்ந்த இளம்பெண் ஒருத்தி அவ்வாறு வேண்டிக்கொண்டு, மணமாகி ஆறாம் ஆண்டில் ஆண் மகவு ஒன்றைப் பெற்றாள்.

கருவிலிருந்தபோதே சிசுவின் இடது சிறுநீரகம் சற்று வீங்கியிருப்பது ஸ்கேனில் தெரிந்தது. பிறந்தபின் மீண்டும் பார்க்கவேண்டும் என்றனர். பிள்ளை கொழுகொழுவென்று இருக்கவே, அச்சொல் வீட்டாருக்கு மறந்துபோயிற்று. நான்காம் மாதம் கடுங்காய்ச்சல், சளியுமில்லை, இருமலுமில்லை. மருந்தில் தணிந்து, இரு வாரங்களில் திரும்பியது. அம்பாசமுத்திரத்தில் சிறுநீரைச் சோதித்தபோது கிருமித்தொற்று புலப்பட்டது. திருநெல்வேலிக்குச் சென்று சிறப்பு மருத்துவரைப் பார்க்கும்படி கூறினர்.

"ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனாரைக் கும்பிட்டுவிட்டுப் போகலாமே" என்றார் மாமியார்.

"நேர்த்திக்கடனுக்கு அய்யனார் காத்திருப்பார், அத்தை. காய்ச்சல் காத்திருக்காது" என்றாள் மருமகள். மறுநாள் காலைப் பேருந்தில் மாமியாரும் உடன் ஏறினார்.

மெல்லிய குழாய் வழியே சிறுநீர்ப்பையில் மருந்துநீர் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். சிறுநீரகத்திலிருந்து இறங்கும் சிறுநீர் மீண்டும் மேலேறாதபடி சிறுநீர்ப்பையின் வாயிலில் இயற்கையான தடுப்பு ஒன்று உண்டு. இக்குழந்தைக்கு அது முதிரவில்லை. அணைநீர் கால்வாயில் இறங்குவதையே கண்டு வளர்ந்தவளுக்கு, நீர் எதிரேறினால் என்னாகும் என்பதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

"வேண்டுதலில் ஏதும் குறை வைத்துவிட்டேனா, டாக்டர்?"

"யார் குற்றமும் இல்லையம்மா. கருவிலேயே அமைந்தது. வளர வளரப் பல குழந்தைகளுக்குத் தானே சரியாகிவிடும்; சிலருக்கே அறுவை சிகிச்சை தேவைப்படும். ஆனால், காய்ச்சலோடு வரும் ஒவ்வொரு தொற்றும் சிறுநீரகத்தில் தழும்பு விடக்கூடும். தழும்பு மறையாது. அதைத் தடுப்பதுதான் நம் வேலை."

அன்றுமுதல் இரவுதோறும் சிறு அளவில் மருந்து. காய்ச்சல் கண்டால் அன்றே சிறுநீர்ப் பரிசோதனை. குறித்த நாளில் ஸ்கேன். மாமியார் அந்தியில் விளக்கேற்றித் திருநீறு இட்டபின், மருந்துப் புட்டியைத் தாமே எடுத்துத் தருகிறார். பிள்ளை நலமாயிருக்கும் நாளிலும் அது தவறுவதில்லை.

காரணம் விளங்காத காய்ச்சல் கைக்குழந்தைக்கு வந்தாலும், ஆண் குழந்தைக்குச் சிறுநீர் சொட்டுச் சொட்டாக இறங்கினாலும் பெற்றோர் நாள் கடத்தலாகாது. வேண்டிப் பெற்ற பிள்ளையை உரிய காலத்தில் மருத்துவரிடம் காட்டுவதும் அன்னைக்குச் செய்யும் வழிபாடே.