கேள்வி கேட்கும் ஊசி

எங்கள் ஊரில் இந்த ஆறு மாதத்தில் மூன்று பேர் என்னிடம் ஒரே விஷயத்தைக் கேட்டுவிட்டார்கள். "அம்மாவுக்கு ஏதோ ஹார்மோன் ஊசி போட்டாங்களாமே, அதுல சரியாயிருச்சுங்களா?" ஊசி என்றால் போட்டதும் நோய் குறையவேண்டும் என்பதுதான் நமக்குப் பழக்கம். அம்மாவுக்குப் போட்ட அந்த ஊசி எதையும் குணமாக்கவில்லை. குணமாக்குவதற்காகப் போட்டதும் இல்லை. அது ஒரு பரிசோதனை. கேட்டவர்களில் இரண்டு பேர் வீட்டிலும் அம்மா சாப்பிட்ட அதே மாதிரி மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது என்பதால், விவரமாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அம்மாவுக்கு 63 வயது. தாராபுரம் பக்கம் நான்கு ஏக்கர் மானாவாரி, இரண்டு கறவை மாடு. களை வெட்டியும் பால் கறந்தும் தேய்ந்த முட்டி. டவுனில் ஒரு மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே 'ஒரு செட்' என்று கேட்டால் பொட்டலத்தில் மூன்று மாத்திரை போட்டுக் கொடுப்பார்கள். அதில் சின்னதாய் ஒரு வெள்ளை மாத்திரை இருக்கும். அதுதான் வேலை செய்யும் மாத்திரை. சாப்பிட்ட அரை நாளில் வலி ஓடிவிடும், பசி எடுக்கும், உடம்பில் ஒரு தெம்பு வரும். இரண்டு வருடம் அப்படியே ஓடியது. முகம் உருண்டையானது. சொந்தக்காரர்கள் "அக்கா நல்லா செழிப்பாயிட்டாங்க" என்றார்கள். முழங்கையில் மாட்டுக் கயிறு உரசினால்கூட நீலம் பூத்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு கல்யாண வீட்டில் யாரோ "அந்த மாத்திரை கிட்னியைத் தின்னுடும்" என்று சொல்ல, அம்மா அன்றைக்கே நிறுத்திவிட்டார். பெரிய சங்கடம் அதற்குப் பிறகுதான் வந்தது. மூன்றாவது வாரம் கட்டுத்தறிக்குப் போய்வருவதே மலை ஏறுவது போல ஆகிவிட்டது. சோறு இறங்கவில்லை. குமட்டல். எழுந்து நின்றால் கண்ணைக் கட்டியது. கடலைக்காய் பறிப்பு நடந்துகொண்டிருந்த சமயம் அது. பக்கத்து ஊரில் மூன்று முறை குளுக்கோஸ் ஏற்றினோம். அரை நாள் தெளிவாக இருப்பார், மறுபடி சாய்ந்துவிடுவார். பிரஷர் 80-க்கு இறங்கியபோது கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனோம்.

அங்கே அவசரப் பிரிவில் இருந்த டாக்டரம்மா அம்மாவின் முகத்தையும் கையையும் ஒரு நிமிடம் பார்த்தார். "என்ன மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தீங்க? எப்ப நிறுத்துனீங்க?" என்றார். 'எப்ப நிறுத்துனீங்க' என்ற கேள்வியை அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. ரத்தம் எடுத்த கையோடு, முடிவுக்குக் காத்திருக்காமல் ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட்டார். சாயங்காலம் அம்மா இட்லி கேட்டார்.

அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று பல பெயர்களில் வருகிறது. மோசமான மருந்து என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. மூச்சிறைப்பு, சில சரவாங்கி நோய்கள், ஒவ்வாமை என்று உயிரையே காப்பாற்றும் இடங்கள் உண்டு. கன்று ஈன்ற மாட்டுக்குக் கீட்டோசிஸ் வந்தால் கால்நடை மருத்துவரும் இதே வகை ஊசிதான் போடுகிறார். சினை மாடா என்று முதலில் கேட்பார், கவனித்திருப்பீர்கள். நிறைமாதச் சினையில் போட்டால் முன்கூட்டியே கன்று போட்டுவிடும். மாட்டுக்கே அத்தனை கேள்வி கேட்டுப் போடும் மருந்தை, மனுஷருக்குப் பொட்டலத்தில் கட்டித் தருகிறார்கள்.

நம் உடம்பும் சொந்தமாக ஒரு ஸ்டீராய்டு செய்கிறது. பெயர் கார்டிசால். இரண்டு சிறுநீரகத்துக்கும் மேலே தொப்பி வைத்தது போல அட்ரீனல் என்ற சுரப்பி இருக்கிறது, அங்கிருந்து வருகிறது. பிரஷரையும் சர்க்கரையையும் தாங்கிப் பிடிப்பது, காய்ச்சல், அடிபடுதல் போன்ற நெருக்கடியில் உடம்பை நிற்கவைப்பது எல்லாம் அதன் வேலை. அட்ரீனல் தானாகச் சுரக்காது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை அனுப்பி, 'சுர' என்று சொல்லவேண்டும். வெளியிலிருந்து மாத்திரையாக ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் பிட்யூட்டரி அந்த உத்தரவை நிறுத்திவிடுகிறது. வேலை இல்லாத அட்ரீனல் சுருங்கிப் படுத்துவிடுகிறது. "ரெண்டு வருஷம் லாரித் தண்ணி வாங்கி ஊத்துனா, கிணத்து மோட்டாரை யாரும்மா போடுவாங்க?" என்று டாக்டரம்மா கேட்டது அம்மாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. லாரியையும் ஒரே நாளில் நிறுத்தியதால்தான் அந்த நிலைமை.

சரி, சுரப்பி தூங்குகிறதா, எவ்வளவு தூக்கம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? சும்மா ரத்தத்தில் கார்டிசால் எவ்வளவு என்று பார்த்தால் பல நேரம் போதாது. கிணற்றில் நிற்கும் தண்ணீரை எட்டிப் பார்த்து ஊற்றின் பலத்தைச் சொல்லிவிட முடியுமா? இறைத்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் எத்தனை அடி ஏறுகிறது என்று பார்த்தால்தான் தெரியும். அதே கணக்குத்தான். பிட்யூட்டரி அனுப்பவேண்டிய உத்தரவை ஊசியாக நாமே அனுப்பிவிட்டு, அட்ரீனல் எவ்வளவு பதில் சொல்கிறது என்று அளப்பார்கள்.

வெளிநாடுகளில் சினாக்தென் என்ற ஊசியில் 250 மைக்ரோகிராம் போட்டு, அதற்கு முன்பும், 30 நிமிடத்திலும், 60 நிமிடத்திலும் ரத்தம் எடுப்பார்கள். நம் நாட்டில் அது எளிதில் கிடைப்பதில்லை. அதனால் பல மருத்துவமனைகளில் ஆக்டான் புரொலாங்கேட்டம் என்ற, உடம்பில் மெதுவாகக் கரையும் ஏ.சி.டி.எச். ஊசியைச் சதையில் போட்டு, ஒரு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். சில இடங்களில் இரண்டு மணி நேரத்துக்கும். அந்தக் குப்பியில் பலருக்குப் போதுமான மருந்து இருக்கிறது. எங்களுக்குச் சொன்ன நாளில் இன்னும் மூன்று பேர் அதே சோதனைக்கு வந்திருந்தார்கள். முன்கூட்டியே நாள் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

டிஸ்சார்ஜ் ஆகி இரண்டு மாதம் கழித்து, காலை 8 மணிக்கு வரச்சொன்னார்கள். கார்டிசால் விடியலில் அதிகமாகவும் இரவில் குறைவாகவும் இருக்கும் என்பதால் அந்த நேரம். அம்மா இடையில் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்: காலையில் 10 மில்லிகிராம், மதியம் 5. முந்தின நாள் காலை மாத்திரையோடு நிறுத்தி, சோதனை முடிந்த உடனே அடுத்த மாத்திரையைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அந்த மாத்திரையும் கார்டிசாலேதான். சாப்பிட்டுவிட்டுப் போனால் மாத்திரையைத்தான் லேப் அளக்கும். பிரெட்னிசோலோனும் பல லேப் முறைகளில் கார்டிசாலாகவே கணக்கில் வந்துவிடும். எதை, எத்தனை வேளை நிறுத்துவது என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்லவேண்டும். ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவர் செய்யக்கூடாது. கையிருப்பு மாத்திரையை மறக்காமல் பையில் எடுத்துப்போங்கள்; சோதனை முடிந்து ஊருக்குப் பஸ் ஏறும் வரை மாத்திரை இல்லாமல் இருக்கக்கூடாது.

அதைவிட முக்கியம், போவதற்கு முன் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. நம் ஆட்கள் மாத்திரையை மட்டும் சொல்வார்கள். மூச்சிறைப்புக்கு இழுக்கும் மருந்து, தோலுக்கும் முகம் வெளுக்கவும் பூசும் கிரீம், முட்டிக்குள் போட்ட ஊசி எல்லாவற்றிலும் ஸ்டீராய்டு இருக்கலாம். பெயரில்லாத வலிப் பொடி, உடம்பு ஏற்றும் பொடி ஆகியவற்றிலும் சில சமயம் கலந்திருக்கிறார்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்குக் கார்டிசால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். அதையும் கூச்சப்படாமல் சொல்லவேண்டும். முடி வளர, நகம் வளர என்று விற்கும் பயோட்டின் மாத்திரையும் சில லேப் முறைகளைக் குழப்பும். மூச்சிறைப்பு, மருந்து ஒவ்வாமை, கர்ப்பம் இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லவேண்டும். அம்மா சாப்பிட்ட பொட்டலத்தில் ஒன்று அலமாரியில் மிச்சம் இருந்தது. அதை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் விளக்கத்தைவிட அந்தப் பொட்டலம் டாக்டருக்கு அதிகம் சொன்னது.

ஊசி போட்டதும் அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு, "போட்டாச்சுல்ல கண்ணு, கெளம்பலாமா?" என்றார். ஒரு மணி நேரம் இருக்கவேண்டும் என்றதும் முகம் வாடிவிட்டது. வலி சாதாரண ஊசி வலிதான். சிலருக்கு முகம் சூடாகும், லேசாகக் குமட்டும். அரிதாக ஒவ்வாமை வரலாம் என்பதற்காகவும்தான் அங்கேயே உட்காரவைக்கிறார்கள். இரண்டாவது ரத்தம் எடுக்கும் நேரம் தவறினால் கணக்கு கெட்டுவிடும் என்பதால் டீ குடிக்கக்கூட வெளியே விடவில்லை.

முடிவு மறுநாள் வந்தது. ஊசிக்கு முன் 3.1, ஒரு மணி நேரம் கழித்து 9.6. அந்த லேப் கணக்கில் 18-ஐத் தாண்டினால் சுரப்பி விழித்திருக்கிறது என்று அர்த்தம். புதிய லேப் முறைகளில் அந்த எல்லை 14, 15 என்று குறைவாகவும் இருக்கும். ஆகவே தாளில் உள்ள எண்ணைப் பார்த்து வீட்டில் முடிவு கட்டவேண்டாம். அம்மாவின் ஊற்று வற்றவில்லை, ஆனால் பாய்ச்சலுக்குப் போதாது. மாத்திரையைத் தொடர்ந்து, மெல்ல மெல்லக் குறைக்கவேண்டும். மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்தையும் தாண்டும்.

அட்ரீனலே நிரந்தரமாகக் கெட்டுப்போகும் நோய் வேறு இருக்கிறது. 1855-இல் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் அதை விவரித்ததால் அடிசன் நோய் என்று பெயர். நம் நாட்டில் காசநோய் அதற்கு ஒரு காரணம். அதில் உள்ளங்கை ரேகையும் ஈறும் கறுக்கும், உப்பு உப்பாகத் தின்னத் தோன்றும். டாக்டரம்மா அம்மாவின் வாயைத் திறக்கச்சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தது அதற்காகத்தான். அம்மாவுக்கு அது இல்லை.

இப்போது அம்மாவின் சுருக்குப் பையில் ஒரு சீட்டு இருக்கிறது. 'ஸ்டீராய்டு சாப்பிடுபவர், திடீரென்று நிறுத்தக்கூடாது' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. காய்ச்சல் வந்தால் அது தீரும் வரை மாத்திரையை இரட்டிப்பாக்கச் சொல்லியிருக்கிறார். வாந்தி வந்து மாத்திரை தங்கவில்லை என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தச் சீட்டைக் காட்டி ஹைட்ரோகார்டிசோன் ஊசி கேட்கவேண்டும். பல் பிடுங்குவதாக இருந்தாலும் முதலில் சீட்டைக் காட்டவேண்டும். முட்டி வலி திரும்ப வந்துவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை. தொடைச் சதைக்கான பயிற்சியும், பால் கறக்க ஒரு உயரமான முக்காலியும் கொஞ்சம் தாங்குகிறது. அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை அளவுக்கு எதுவும் தாங்கவில்லை என்று அம்மா இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

மாசி மாதம் மறுபடி அதே ஊசி. காலை 8 மணிக்கு அங்கே இருக்கவேண்டும் என்றால் 5 மணிக்கே கிளம்பவேண்டும். அன்றைக்குப் பால் கறக்க யாரைக் கூப்பிடுவது என்று அம்மா இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்.