எங்க ஊரு எங்கய்யா?

நண்பர் ஒருத்தர் வாட்ஸப்புல 1755-ஆம் வருஷத்து மதராஸ் வரைபடம் அனுப்பினார். கான்ராடி வரைஞ்சது.

விரலால பெரிசு பண்ணிப் பண்ணி சென்னீர்குப்பத்தைத் தேடுறேன்.
டீ ஆறிப்போச்சு.

கோட்டை இருக்கு, கறுப்பர் பட்டணம் இருக்கு. நம்ம பக்கம் வரைக்கும் தாளே வரல!

ராயபுரம் மணியக்காரர் சத்திரமும் அதுல கிடையாது. 1782 பஞ்சத்துலதான் அங்க கஞ்சி ஊத்த ஆரம்பிச்சாங்க. அதுலேர்ந்து வளர்ந்த ஸ்டான்லி ஆஸ்பத்திரியை எங்க பாட்டி கடைசிவரை 'கஞ்சித்தொட்டி'ன்னுதான் சொன்னாங்க. சத்திரம் இப்போ முதியோர் இல்லம்.

இந்தப் படத்தை நல்ல தாள்ல அச்சடிச்சு, ஃப்ரேம் போட்டு வித்து, காசை அந்தப் பெரியவங்களுக்குக் குடுத்தா என்ன?

முதல் பிரதி எனக்கு. நம்ம ஊரை ஓரத்துல பால்பாயிண்ட்ல நானே வரைஞ்சுக்கறேன்.

ரெண்டாவது யாருக்குப்பா?