கழுத்தில் போட்ட ஊசி

'ஒரு காம்பில்தான் மடிநோய். மற்ற மூன்று காம்புப் பாலை ஊற்றலாமா?' என்று போன இதழில் ஒருவர் கேட்டிருந்தார். நான்கு வருடத்துக்கு முன்பு, யாரையும் கேட்காமல் 'ஊற்றலாம்' என்று நானே முடிவு செய்துகொண்டவன் நான்.

என் ஜெர்சி கலப்பினப் பசுவுக்குப் பின்பக்க இடது காம்பில் பால் திரிதிரியாக வந்தது. டாக்டர் மூன்று நாள் பெனிசிலின் ஊசி போட்டார். எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்றும் சொன்னார். வேளைக்கு ஆறு லிட்டர் கறக்கும் மாடு, காதில் வாங்கவில்லை. ஊசி கழுத்தில்தானே? நோய்க்காம்புப் பாலைக் குழியில் கொட்டிவிட்டு மற்றதைச் சொசைட்டிக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஊற்றினேன்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா கிண்ணத்தோடு வந்தார். "உறை ஊத்துனா பால் பாலாவே கெடக்குது தம்பி. என் உறைமோர் கெட்டுப்போச்சாட்டம், கொஞ்சம் குடு." கொடுத்தேன். அதுவும் அங்கே உறையவில்லை. அதே உறைமோர், இன்னொரு மாட்டுப் பாலில் எங்கள் வீட்டில் கட்டியாக உறைந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

டாக்டரிடம் ஓடினேன். தசையில் போட்ட மருந்து ரத்தத்தில் கலக்கிறது. பெனிசிலினில் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். ஆனால், ஒரு லிட்டர் பால் சுரக்கச் சுமார் 400 முதல் 500 லிட்டர் ரத்தம் மடி வழியாக ஓடுகிறது. அந்த ரத்தம் நான்கு காம்புக்கும் பொது. ஒரே காம்பில் ஏற்றும் ட்யூப் மருந்துகூடக் கொஞ்சம் ரத்தத்தில் ஏறும். எரித்ரோமைசின் போன்றவை ரத்தத்தைவிடப் பாலில்தான் அதிகம் சேரும். பாலில் அமிலத்தன்மை சற்றுக் கூடுதல் என்பதால் அங்கே சிக்கிக்கொள்கின்றன. காய்ச்சினால் போய்விடும் என்பதும் தப்பு.

சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் பாலில் பெனிசிலினுக்கு வைத்திருக்கும் எல்லை, கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 1 கிராம் மருந்து, சுமார் 2,50,000 லிட்டர் பாலுக்கு அந்த எல்லையைத் தொட்டுவிடும். என் பாலோ சொசைட்டி கேனில் ஊர்ப் பாலோடு கலந்து எப்போதோ போய்விட்டது.

பெரியம்மாவிடம் போய்ச் சொன்னேன். திட்டவில்லை. "பேத்திக்கும் அதைத்தானே குடுத்தேன்" என்றார். அவ்வளவுதான். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளும் உண்டு என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்றிரவு தூக்கமில்லை.

இப்போது ஊசி போட்ட மாட்டின் பின்னங்காலில் சிவப்புத் துணி கட்டிவிடுகிறேன். டாக்டர் சொல்லும் நாட்களைக் கடைசி ஊசியிலிருந்து எண்ணுகிறேன். மருந்து மாறினால் நாளும் மாறும். தயிர் உறைகிறதா என்று பார்த்து முடிவெடுப்பதில்லை. அந்தப் பாலைக் கன்றுக்கும் காட்டுவதில்லை. பெரியம்மா இன்றும் எங்களிடம்தான் பால் வாங்குகிறார். சொம்பை நீட்டுமுன் மாட்டின் காலை ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்.