எட்டு மணி வகுப்பு

இணையவழியில் இறையியல் படிப்பதை இரண்டாந்தரக் கல்வி என்று நினைப்பவர்கள் நம் திருச்சபைகளில் நிறைய இருக்கிறார்கள். விடுதியில் தங்கி, காலை ஜெபத்துக்கு மணி அடித்ததும் எழுந்து, ஒரே பந்தியில் சாப்பிட்டுப் படித்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். நானும் அப்படிப் படித்தவளே. பகலில் மேல்நிலைப் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, இரவு எட்டு மணிக்கு ஓர் இறையியல் நிறுவனத்தின் பகுதிநேர ஆசிரியையாகக் கணினி முன் உட்காரத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. புதிய ஏற்பாட்டு அறிமுகம், சங்கீதங்கள், மேய்ப்புப்பணி, பிரசங்கக்கலை எனப் பாடங்கள் மாறி மாறி வருகின்றன. ஏற்கெனவே ஊழியத்தில் நிற்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கல்வி வேறில்லை என்பதே இன்று என் எண்ணம்.

இரவு எட்டு என்றால் குவைத்தில் மாலை ஐந்தரை. அங்கே பணி முடிந்து திரும்பும் செவிலியர் ஒருவர் சீருடையோடு வகுப்புக்குள் வருவார். குவைத்தில் வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று கூடும் தமிழ் ஆராதனையில் பெண்களுக்கு வேதபாடம் எடுப்பவர் அவர். வால்பாறையில் சுயாதீன சபை நடத்தும் பாஸ்டர், சிக்னல் தேடி எஸ்டேட் லயத்துக்கு மேலே உள்ள மேட்டில் குடையோடு நிற்பார். தூத்துக்குடி மாவட்டத்துச் சபை ஊழியர் ஒருவர் மாலை ஜெபத்தை முடித்துவிட்டுக் கோயில் திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுவார். ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருவர் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கேட்பதால் கேமராவை அணைத்து வைத்திருப்பார். திறக்கும்படி நான் கேட்பதில்லை. ஆனால் ஒவ்வொருவர் குரலையும் ஒவ்வொரு வகுப்பிலும் கேட்டாக வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன். அதனாலேயே பெரிய வகுப்புகளை ஏற்றுக்கொள்வதில்லை. இருநூறு பேர் உட்கார்ந்து கேட்டால் அதற்குப் பெயர் கூட்டம். கூட்டம் நடத்த நம் ஊரில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

ஊழியம் செய்துகொண்டே படிப்பது இணையத்தோடு வந்த வழக்கமும் அல்ல. குவாத்தமாலாவில் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையின் இறையியல் கல்லூரியில் 1963-இல் இது தொடங்கியது. தலைநகரில் படித்து முடித்தவர்களில் கிராமத்துச் சபைகளுக்குத் திரும்பியவர்கள் மிகச் சிலர். கிராமங்களிலோ, குடும்பத்தையும் பிழைப்பையும் விட்டுவரமுடியாத மூப்பர்களே சபையைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். ஜேம்ஸ் எமரி, ரால்ஃப் வின்டர், ராஸ் கின்ஸ்லர் ஆகியோர் கல்லூரியை அந்த மூப்பர்களின் இடத்துக்கே கொண்டுபோனார்கள். வீட்டில் தானே படிக்கப் பாடப்புத்தகம், வாரம் ஒருமுறை ஆசிரியரோடு சிறு குழுவாகச் சந்திப்பு என்று ஏற்பாடு செய்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் பெங்களூரில் டாஃப்டீ என்ற இறையியல் கல்வி அமைப்பு இதே முறையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. இன்று நாங்கள் செய்வது அதன் தொடர்ச்சிதான். குழு கூடும் அறை மட்டும் மாறியிருக்கிறது.

மதுரை அரசரடியில் 1969-இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரி, வளாகத்துக்கு வெளியே ஏழைகளின் குடியிருப்புகளில் மாணவர்களைத் தங்கவைத்துப் படிக்கச் செய்ததற்காகப் பேசப்பட்டது. சுவருக்குள் படிக்கும் இறையியல் சுவருக்குள்ளேயே நின்றுவிடும் என்ற கவலையில் எழுந்த நல்ல ஏற்பாடு அது. என் மாணவர்களை அப்படி வெளியே அனுப்ப வேண்டியதில்லை. அவர்கள் ஏற்கெனவே வெளியில்தான் இருக்கிறார்கள்.

இதன் பொருளை எனக்கு முழுமையாகக் காட்டியது சங்கீதங்களைப் பற்றிய ஒரு வகுப்பு. அன்று பாடம் புலம்பல் சங்கீதங்கள். ஹெர்மன் குங்கெல் என்ற ஜெர்மானிய அறிஞர் சங்கீதங்களை எப்படி வகை பிரித்தார், முறையீடு எங்கே முடிந்து நம்பிக்கை எங்கே தொடங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது தூத்துக்குடிச் சபை ஊழியர் குறுக்கிட்டார்.

"டீச்சர், எங்க ஊர்ல ஒரு பையன் தற்கொலை பண்ணிக்கிட்டான். நாளைக்குக் காலைல அடக்கம். ஐயா வெளியூர் போயிருக்காங்க, நான்தான் நடத்தணும். கமிட்டில ரெண்டு பேரு மணி அடிக்கக் கூடாதுன்னு நிக்கிறாங்க. நான் என்ன பேசணும்?"

கல்லூரியில் நாங்கள் படித்தபோது இது ஒரு மாதிரி நிகழ்வாகத் தாளில் வரும். இரண்டு பக்கம் எழுதினால் மதிப்பெண். இங்கே கேள்வி கேட்டவருக்கு முன்னால் ஓர் இரவு மட்டும் இருந்தது. குங்கெலை மூடி வைத்தோம்.

முதலில் அந்தக் கமிட்டிக்காரர்களின் மறுப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தோம். அது வெறும் கல்நெஞ்சம் அல்ல. 1662-ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகம், தன்னுயிரை மாய்த்துக்கொண்டவர்களுக்கு அடக்க ஆராதனை முறைமையைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆராதனைக்கு முன்பாகவே குறிப்பு எழுதி வைத்திருந்தது. சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. மிஷன்கள் அந்த மரபோடுதான் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தன. புத்தகம் மாறினாலும் பழக்கம் ஊரில் தங்கிவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்டால் மூப்பர்களோடு சண்டை போடாமல் பேசலாம். அந்தக் குறிப்பு வேதவசனம் அல்ல, மனிதர் எழுதிய விதி என்று பொறுமையாகச் சொல்லலாம். திருச்சபை வரலாற்றுப் பாடத்தால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் இந்த இரவைத்தான் சொல்வேன்.

பிறகு 88-ஆம் சங்கீதத்தை வாசித்தோம். பிற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எங்கோ ஓரிடத்தில் நம்பிக்கையின் பக்கம் திரும்பிவிடும். இது திரும்பாது, இருளிலேயே முடியும். அப்படி ஒரு ஜெபத்தை வேதாகமத்திலிருந்து யாரும் நீக்கிவிடவில்லை. வெளிச்சம் தெரியாமலே கடவுளிடம் பேசலாம் என்பதற்கு அதுவே அனுமதி. பையனின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள், அவன் ஆத்துமா எங்கே போயிற்று என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள், எப்படி இறந்தான் என்பதை விவரிக்காதீர்கள், கூட்டத்தில் நிற்கும் மற்ற இளைஞர்கள் மனம் உடைந்தால் யாரிடம் வரலாம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்றெல்லாம் நான் சொன்னேன். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். அப்போது குவைத்திலிருந்து அந்தச் செவிலியர் கேட்டார்: "அண்ணே, அந்தப் பையனோட அம்மாகூட இன்னைக்கு ராத்திரி யார் இருக்காங்க?"

அதற்குச் சபை ஊழியரிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. அவர் உடனே வகுப்பைவிட்டு எழுந்து, பெண்கள் ஐக்கிய சங்கத்தைச் சேர்ந்த இருவரை அந்த வீட்டுக்கு அழைத்துப்போனார். மேய்ப்புப்பணி என்ற பாடத்துக்கு நான் வைத்திருக்கும் புத்தகங்கள் எதையும்விட அந்த ஒரு கேள்வி பெரியது. மறுநாள் பிற்பகல் வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது: "மணி அடிச்சோம் டீச்சர்."

ஆனாலும் திரையால் முடியாதவை உண்டு. வார்டில் நோயாளி பக்கத்தில் எவ்வளவு நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம் என்பதைத் திரையில் கற்றுத்தர முடியாது. கோபக்காரக் கமிட்டியை நடத்திச் செல்லவும் முடியாது. பவுல் தூரத்திலிருந்து எழுதியே சபைகளுக்குப் போதித்தார் என்று இணையக் கல்விக்கு ஆதாரம் காட்டுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். கடிதத்தோடு ஓர் ஆளும் போனார். ரோமருக்கு எழுதியதைக் கெங்கிரேயா சபையின் பெபேயாள் கொண்டுபோனார் என்பதே அறிஞர் பலரின் முடிவு. கொலோசெயருக்குத் தீகிக்கு போனார். பவுலின் செய்திகளையெல்லாம் நேரில் சொல்லும் பொறுப்பும் அவருக்கு இருந்தது. ஆகவே என்னிடம் மேய்ப்புப்பணி படிக்கும் ஒவ்வொருவரும், அனுபவமுள்ள ஒரு குருவானவரையோ மூத்த ஊழியரையோ உள்ளூரில் துணையாகத் தேடிக்கொண்டாக வேண்டும். அவரோடு மருத்துவமனைக்கும் சாவு வீட்டுக்கும் போய் வந்து எனக்கு எழுத வேண்டும். உள்ளூர்த் துணை ஒருவரைக் கேட்காமல் ஊழியப் பட்டம் கொடுக்கும் நிறுவனம் எதுவானாலும், அதில் சேர வேண்டாம் என்றே சொல்வேன்.

இன்னொரு பிடிவாதமும் எனக்கு உண்டு. கிரேக்க எழுத்துகளை நோட்டில் பேனாவால் எழுதிப் படம் எடுத்துத்தான் அனுப்ப வேண்டும். விரல் எழுதிப் பழகினால்தான் கண் தயங்காமல் வாசிக்கும். கட்டுரைகளுக்கோ வாய்மொழித் தேர்வு வைக்கிறேன். இப்போது செயற்கை நுண்ணறிவு ஒரு நிமிடத்தில் பிரசங்கம் எழுதிக் கொடுத்துவிடுகிறது. பிழை அதிகம் இல்லாத, யாருக்கும் உரியதல்லாத பிரசங்கம். "இதை உங்கள் சபையில் யார் முகத்தைப் பார்த்துச் சொல்வீர்கள்?" என்று தொலைபேசியில் கேட்டால், தானே எழுதியவர் ஓர் ஆளின் பெயரைச் சொல்வார்.

பகுதிநேர ஆசிரியர்களின் நிலையையும் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பாடத்துக்கு இவ்வளவு என்று மதிப்பூதியம். அடுத்த பருவத்துக்கு அழைப்பு வருமா என்பது கடைசி வாரம் வரை தெரியாது. பாடத்திட்டம் வகுக்கும் கூட்டத்தில் எங்களுக்கு இடம் இல்லை. ஊழியர்கள் களத்திலிருந்து கொண்டுவரும் கேள்விகளை வாரந்தோறும் கேட்பவர்கள் நாங்கள். அந்தக் கேள்விகள் பாடத்திட்டத்துக்குள் வராமல் போவது மாணவர்களுக்கு இழப்பு. ஊதியத்தைவிட இதுதான் எனக்கு வருத்தம்.

இதை வாசிக்கும் சபையாரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் சபை ஊழியரோ, பாஸ்டரோ, ஞாயிறு பள்ளி ஆசிரியையோ இப்படிப் படித்துக்கொண்டிருந்தால், வாரத்தில் அந்த ஒரு மாலையை அவருக்கு விட்டுக்கொடுங்கள். அன்று வீட்டு ஜெபக்கூட்டம் வைக்காதீர்கள். அவர் வீட்டுப் பிள்ளைகளை அந்த ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். பாடக் கட்டணத்தில் ஒரு பகுதியைச் சேகர நிதியிலிருந்து கொடுக்கலாமா என்று அடுத்த கமிட்டியில் பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கும்போது, இந்த வாரம் என்ன படித்தீர்கள் என்று கேளுங்கள்.