எங்கள் வீட்டுச் செய்தியோடை

மலர்க் குழு நண்பர்கள் "நீயும் ஏதாவது எழுதிக் கொடுடா" என்று இரண்டு வாரமாக விரட்டினார்கள். எனக்குக் கவிதை வராது. நட்பு, தாய்மை, இளைஞனே எழுந்து வா என்றெல்லாம் அழகாக எழுத நம் கல்லூரியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் மின்னணுவியல் படிக்கிறவன். எனக்குத் தெரிந்த ஒரு சின்ன மென்பொருளைப் பற்றியும், அது எங்கள் வீட்டில் செய்த காரியத்தைப் பற்றியும் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே!

என் அம்மா பீடி சுற்றுகிறவள். திருநெல்வேலிப் பக்கத்து ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மடியில் சுளகு, சுளகில் இலையும் தூளும், விரலில் நூல். காலையில் சோறு பொங்கி இறக்கிவிட்டு உட்கார்ந்தால் இரவு வரைக்கும் அந்தக் கை நிற்காது. அப்பா மூட்டை தூக்குகிறார். இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போனவர்கள் இல்லை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். கரண்டு பில் முதல் கோர்ட்டு நோட்டீஸ் வரை எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு நான்தான் படித்துச் சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தக் கர்வத்துக்கு இரண்டாம் ஆண்டில் விழுந்தது ஓர் அடி!

பீடித் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்க மத்திய அரசின் தொழிலாளர் நல அமைப்பு உதவித்தொகை தருகிறது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பம் போட வேண்டும். முதல் ஆண்டில் எனக்கு இந்த விவரமே தெரியாது. இரண்டாம் ஆண்டில் தெரிந்தும் கோட்டை விட்டேன். "தேதியெல்லாம் குரூப்புல வரும்" என்று சும்மா இருந்தேன். போன் குரூப்பில் ஒரு நாளைக்கு முந்நூறு மெசேஜ். பிறந்தநாள் வாழ்த்து, டிரெய்லர், மீம்ஸ், குட் மார்னிங். அதற்கு நடுவில் யாரோ நல்லவன் தேதியைப் போட்டிருக்கிறான். அது என் கண்ணில் பட்டபோது கடைசித் தேதி போய் ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் போன் என் கையில்தான் இருந்தது! தினமும் இரண்டு மூன்று மணி நேரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். யாரைக் குறை சொல்ல?

வீட்டில் வந்து சொன்னேன். அம்மா திட்டவில்லை. "சரி விடு, அடுத்த வருசம் பாப்போம்" என்றாள். அப்பாதான் ஒரு வார்த்தை சொன்னார். "நம்ம வீட்டுல படிக்கத் தெரிஞ்ச ஆளு நீ ஒருத்தன்தானல... நீயே பாக்காம விட்டுட்டியே."

மறுவாரம் பீஸ் கட்டுகிற அன்றைக்கு அம்மா காதில் கம்மல் இல்லை. துளை தூர்ந்துவிடக் கூடாது என்று ஈர்க்குச்சி செருகியிருந்தாள்.

அந்த விடுமுறையில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்லி அங்கே மூலையில் கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரை 3,000 ரூபாய்க்கு எடுத்தேன். 2 ஜி.பி. ராம். பிரவுசரில் நாலு பக்கம் திறந்தால் ஐந்தாவதுக்கு அப்படியே நின்றுவிடும். இன்டர்நெட்டோ போனிலிருந்து வருவது, விளம்பரப் படம் ஓடியே டேட்டா தீர்ந்துவிடும். கடை அண்ணாச்சியிடம் புலம்பினேன். அவர் அதில் லினக்ஸ் ஏற்றி, லைஃப்ரியா என்ற ஒரு சின்ன மென்பொருளையும் போட்டுக் கொடுத்தார். "ஏல, பத்து தளத்தப் பாக்கணும்னா பத்து எடத்துக்கும் நீயா போவ? புதுசு இருந்தா அது இங்க வரட்டும்ல" என்றார்.

இதற்குப் பெயர் செய்தி ரீடர். செய்தியோடை வாசிப்பான் என்று தமிழில் சொல்கிறார்கள். அதற்கு அடிப்படையான வடிவத்தின் பெயர் ஆர்.எஸ்.எஸ். இந்தப் பெயரை வகுப்பில் சொன்னதும் பின் பெஞ்சு நண்பன் முழித்தான். "ஷாகா இல்லடா, எக்ஸ்.எம்.எல்.!" என்று விளக்க வேண்டியதாயிற்று.

விஷயம் மிக எளிது. ஒரு இணையதளம் தன்னிடம் புதிதாக வந்தவற்றையெல்லாம் ஒரு எக்ஸ்.எம்.எல். கோப்பில் பட்டியலாக எழுதி வைக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, சுட்டி, தேதி, சுருக்கம். அவ்வளவுதான். நம் கம்ப்யூட்டரில் உள்ள ரீடர், நாம் சொன்ன நேரத்துக்கு ஒருமுறை போய் "புதுசு உண்டா?" என்று கேட்கிறது. மாற்றம் இல்லையென்றால் சர்வர் 304 என்ற எண்ணைப் பதிலாக அனுப்பும். 404 நம் எல்லாருக்கும் தெரியும், அதன் சித்தப்பா பிள்ளை இந்த 304. புதியது இருந்தால் கோப்பு வரும். ரீடரில் இடப்பக்கம் தளங்களின் பெயர்கள், வலப்பக்கம் தலைப்புகள். படிக்காதவை தடித்த எழுத்தில் நிற்கும், படித்ததும் மெலிந்துவிடும்.

இதை யார் கண்டுபிடித்தார்கள் என்று தேடிப் பார்த்தபோது எனக்கு ஓர் ஆச்சரியம். 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இதன் முதல் வடிவத்தை உருவாக்கியவர்கள் டான் லிப்பி, ராமநாதன் குஹா என்ற இருவர். குஹா நம் சென்னை ஐ.ஐ.டி.யில் மெக்கானிக்கல் படித்தவர்! மெக்கானிக்கல் துறை நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். 2000-இல் வந்த 1.0 வடிவத்தை எழுதிய குழுவில் ஆரன் ஸ்வார்ட்ஸ் என்ற அமெரிக்கச் சிறுவன் இருந்தான். அப்போது அவனுக்கு வயது 14. நான் 14 வயதில் கோலிக்குண்டு விளையாடிக்கொண்டிருந்தேன். 2013-இல், 26 வயதிலேயே அவர் இறந்துவிட்டார். அதே 2013 ஜூலையில் கூகுள் தன் ரீடரை மூடிவிட்டது. ஆனாலும் இந்த வடிவம் சாகவில்லை. இது யாருடைய சொத்தும் இல்லை என்பதுதான் காரணம். ஒரு நிறுவனம் கடையை மூடினால் வேறொரு ரீடரை எடுத்துக்கொள்ளலாம். நாம் கேட்கிற பாட்காஸ்ட்கூட ஆர்.எஸ்.எஸ். மேல்தான் ஓடுகிறது.

8051 மைக்ரோகன்ட்ரோலர் பாடத்தில் இன்டரப்ட், போலிங் என்று இரண்டு முறை படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? இன்டரப்ட் என்றால் வெளியிலிருந்து ஒரு சிக்னல் வந்து, செய்கிற வேலையை நிறுத்தி, தன்னைக் கவனிக்க வைப்பது. போலிங் என்றால் பிராசஸரே தனக்குச் சௌகரியப்பட்ட நேரத்தில் போய்ப் பார்த்து வருவது. போலிங்கில் நேரம் வீணாகும், இன்டரப்ட்தான் சிறந்தது என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். பிராசஸருக்கு அது சரிதான். மனுசனுக்கு? போன் என்னை நாள் முழுக்க இன்டரப்ட் செய்துகொண்டே இருந்தது. எது முக்கியம், எது குப்பை என்ற முன்னுரிமையை நான் வைக்கவே இல்லை, யாரோ வைத்தார்கள். ரீடரில் நான் தேர்ந்தெடுத்த தளங்கள் மட்டும்தான் இருக்கின்றன. சாயங்காலம் ஒரு தடவை போய்ப் பார்க்கிறேன். அவ்வளவுதான்.

என் பட்டியலில் இப்போது பதினான்கு ஓடைகள். பி.பி.சி. தமிழ், ஒரு ஆங்கிலத் தினசரி, மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம், நாசா, மின்னணுப் பொருள்களைப் பிரித்து மேய்கிற ஹேக்கடே. ஆங்கிலம் எனக்குத் தகராறுதான். ஆனால் தினமும் ஐந்து தலைப்பையாவது அகராதி வைத்துப் படிக்கிறேன். முன்பு ஒரு பத்திக்கு அரை மணி நேரம் ஆகும், இப்போது பத்து நிமிடம்.

வாசிக்கிற நேரம் இருட்டின பிறகு. அம்மா விளக்குக்குக் கீழே சுளகோடு உட்கார்ந்திருப்பாள். நான் தலைப்புகளைச் சத்தமாகப் படிப்பேன். வேண்டியதை அவள் கேட்டுக்கொள்வாள். "அத விடு, அடுத்தது சொல்லு." "ஏ, அது என்ன... நிலாவுக்கு ஏன் போறானுவ? அத முழுசாப் படி." இரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் நானும் அம்மாவும் இவ்வளவு பேசியதில்லை. போன் பார்க்கும்போது நான் ஒரு மூலை, அவள் ஒரு மூலை. ஒரு நாள் கேட்டாள், "முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டும்மா. இன்னைக்கு அவ்வளவுதான்."

"அப்ப அதுக்கு ஒரு முடிவு இருக்கு. சுளகுல இல தீந்த மாதிரி. ஒன் போனு தீரவே தீராதே... சரி, பாடத்த எடு."

இதைவிட நன்றாக என்னால் விளக்க முடியாது!

இனி முக்கியமான சங்கதி. வேர்ட்பிரஸில் கட்டிய தளங்களில், முகவரியின் கடைசியில் சாய்கோடு போட்டு ஃபீட் என்ற ஆங்கிலச் சொல்லை அடித்தால் பெரும்பாலும் ஓடை கிடைத்துவிடும். ஒரு நாள் சும்மா நம் கல்லூரித் தளத்தின் முகவரியோடு அடித்துப் பார்த்தேன். வந்துவிட்டது! அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதெல்லாம் வரிசையாக நின்றது. சேர்த்துவைத்தேன். இந்த ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், "உதவித்தொகை விண்ணப்பம்" என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. மறுநாளே அம்மாவின் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை, வருமானச் சான்று, வங்கிப் புத்தகம் எல்லாம் எடுத்துக்கொண்டு போய் விண்ணப்பம் போட்டேன்.

வகுப்பிலும் எழுந்து நின்று சொன்னேன். எங்கள் வகுப்பில் பீடி வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேர் என்று நினைத்திருந்தேன். ஏழாவதாக ஒருவன் மத்தியானம் தனியாக வந்து, "எனக்கும் போட்டுத் தாடே" என்றான். தன் அம்மா என்ன வேலை செய்கிறாள் என்று மூன்று வருடமாக அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஏழு பேரும் போட்டோம்.

எல்லாத் தளமும் ஓடை கொடுப்பதில்லை, இதையும் சொல்லிவிட வேண்டும். கொடுக்காத தளங்களின் பெயரைக் காலண்டரில் எழுதி வைத்துச் சனிக்கிழமைதோறும் நானே போய்ப் பார்க்கிறேன். அதுவும் போலிங்தான்! பணமும் இன்னும் வரவில்லை. சரிபார்ப்பு முடிந்தது என்று காட்டுகிறது. கம்மல் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. ஆனால் "நீயே பாக்காம விட்டுட்டியே" என்று இந்த வருடம் அப்பா சொல்லவில்லை. விண்ணப்பம் போட்ட ரசீதைக் கையில் வாங்கி, தலைகீழாகப் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் பதினான்கு ஓடைகளையும் ஓ.பி.எம்.எல். என்ற ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்திருக்கிறேன். எந்த ரீடரிலும் அப்படியே ஏறும். வேண்டுகிற நண்பர்கள் பென்டிரைவோடு வாருங்கள். முக்கியமாக முதலாம் ஆண்டுத் தம்பி தங்கைகள், உங்கள் வீட்டிலும் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நீங்களாக இருந்தால், அவசியம் வாருங்கள்.

— மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு