ஆறு எண்ணிப் போன ஆடிப் பதினெட்டு

எங்கள் வீட்டில் "இந்த வருஷம் எங்கே போகலாம்?" என்ற பேச்சே எழுந்ததில்லை. ஆடிப் பதினெட்டு என்றால் திருவையாறு, அதிலும் புஷ்ய மண்டபப் படித்துறை. வகுப்பில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய்வந்து கதை சொல்கிற பையன்கள் இருந்தார்கள். எங்களுக்குத் தஞ்சாவூரிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் சுற்றுலா முடிந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. போகிற இடமும் நாளும் முன்பே தெரிந்திருந்ததால், ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே எங்களால் போய்க்கொண்டிருக்க முடிந்தது.

தொடங்கி வைப்பது தாத்தா. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். அதற்குப் பல நாள் முன்பிருந்தே பேப்பரைப் பிரித்ததும் நீர்மட்டம் எத்தனை அடி என்றுதான் பார்ப்பார். 120 அடி என்றால் அணை நிரம்பியாயிற்று. அன்றைக்கு அவரிடம் எது கேட்டாலும் கிடைக்கும். எண்பது, எழுபது என்று இறங்கினால் யாரும் பக்கத்தில் போகமாட்டோம். இத்தனைக்கும் எங்களுக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. தஞ்சாவூர்க்காரர்களுக்கு அது பழகிப்போன கவலை.

அடுத்தது சப்பரம். ஆடி பிறந்துவிட்டால் கடைத்தெருவில் சிறு சப்பரங்கள் விற்பனைக்கு வந்துவிடும். மெல்லிய பலகை, நாலு சக்கரம், மேலே சாமி படம், இழுக்க ஒரு கயிறு. எங்களுக்குக் கடைச் சப்பரம் கிடையாது. கள்ளிப்பெட்டிப் பலகையை அறுத்துத் தாத்தாவே செய்வார். சக்கரம் ஒருநாளும் வட்டமாக அமைந்ததில்லை. அது தத்தித் தத்தி வரும், சாமி படம் ஆடும், உள்ளே வைத்த ஊதுபத்தி விழும். தெருவில் கடைச் சப்பரங்கள் வழுக்கிக்கொண்டு ஓடும்போது வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும்.

முதல் நாள் ராத்திரி சமையலறை எங்கள் அப்பாயியின் கையில் போய்விடும். புளிக்காய்ச்சல் அன்றைக்கே தயார். நல்லெண்ணெய் மேலே பிரிந்து நிற்கும்வரை அடுப்பை விட்டு நகரமாட்டார். விடிகாலையில் சோறு வடித்து, பெரிய தாம்பாளங்களில் கொட்டி, எண்ணெய் விட்டு, விசிறியால் விசிறி ஆறவைப்பார்கள். சூட்டோடு கிளறினால் குழைந்துவிடும், நன்றாக ஆறிவிட்டால் புளி பிடிக்காது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் உண்டு. அதைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து அப்பாயி தலையசைத்த பிறகுதான் அம்மா கிளறுவார். எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று வரிசையாகத் தூக்குவாளிகள் நிரம்பும். கடைசியில் தயிர் சாதம். அதில் தயிர் பேருக்குத்தான். காய்ச்சி ஆறவைத்த பாலைத் தாராளமாக விட்டு, ஒரு கரண்டித் தயிரை உறைக்கு ஊற்றிப் பிசைவார். வெயிலோடு வெயிலாகப் பஸ்ஸில் போய்ப் படித்துறையில் திறக்கும்போது அது பதமாகத் தோய்ந்திருக்கும், புளித்திருக்காது. காவிரிக்கு மசக்கை, அதனால்தான் விதவிதமாகச் சோறு என்பார் அப்பாயி. மசக்கைக்காரி பெயரைச் சொல்லித் தின்றது நாங்கள்.

பஸ்ஸில் ஏறியதும் ஆறு எண்ணும் சண்டை ஆரம்பிக்கும். கரந்தையில் வடவாறு, பள்ளியக்கிரகாரத்தில் வெண்ணாறு, பிறகு வெட்டாறு, குடமுருட்டி, கடைசியாகக் காவிரி. பாலம் வருமுன்பே பெயரைக் கத்துகிறவருக்கு ஒரு மதிப்பெண். எங்கள் வீடு ரயிலடிக்குத் தெற்கே. பழைய பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள்ளேயே புது ஆற்றைத் தாண்டிவிடுவோம். அதையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும் என்று என் தங்கை வருஷா வருஷம் அழுவாள். மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து வெட்டிய கால்வாய் அது, 1934-இல் திறந்த அணையோடு வந்த நேற்றைய பிள்ளை, ஆறு என்று பெயர் வைத்தால் ஆறாகிவிடுமா என்று தாத்தா தீர்ப்புச் சொல்வார். பஸ்ஸில் இருக்கிற பெரியவர்களும் சேர்ந்துகொள்வார்கள். "பாப்பா சொல்றதும் நியாயந்தானேய்யா, தண்ணி ஓடுதுல்ல" என்று ஒருமுறை கண்டக்டரே தங்கை பக்கம் பேசினார்.

படித்துறையில் இறங்கினால் மஞ்சளும் ஈரமும் கலந்த வாசனை. மண்ணில் பிள்ளையார் பிடித்து, வாழையிலையில் காப்பரிசி, காதோலை கருகமணி, விளாம்பழம், நாவல்பழம், பேரிக்காய் எல்லாம் பரப்பிப் படைப்பார்கள். பூசை முடிந்ததும் பெண்களுக்குக் கழுத்தில் மஞ்சள் கயிறு, எங்களுக்குக் கையில். வீட்டு மூலையில் இருட்டில் வளர்த்த முளைப்பாரி வெளிறிய மஞ்சளாக நெடுநெடுவென்று நிற்கும். அதை ஆற்றில் விடுவார்கள். சித்தப்பா கல்யாணம் முடிந்த வருஷம், பரணில் பத்திரமாகத் தொங்கிய இரண்டு காய்ந்த மாலைகளும் எங்களோடு பஸ் ஏறின. புதுமணத் தம்பதிகள் கல்யாண மாலையை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விடுவது அந்தப் பக்கத்து வழக்கம். மாலை நகர்ந்து போவதைச் சித்தி பார்த்துக்கொண்டே நின்றார். சித்தப்பாவுக்குப் பசி.

சாப்பாட்டுக்குப் பிறகு ஐயாறப்பர் கோயில். தெற்குப் பிரகாரத்தில் ஓரிடத்தில் நின்று "ஐயாறா" என்று கூப்பிட்டால் ஏழு முறை எதிரொலிக்கும் என்பார்கள். ஆடிப் பதினெட்டுக் கூட்டத்தில் ஆளாளுக்குக் கூப்பிட்டால் எது குரல், எது எதிரொலி என்று யாருக்குத் தெரியும்? நாங்கள் எண்ணியதில் ஒருநாளும் கணக்கு ஒத்துவந்ததில்லை. திரும்பும்போது கடைத்தெருவில் அசோகா. பாசிப்பருப்பும் நெய்யுமாகக் கிண்டிய அந்த அல்வாவைச் சுடச்சுட இலையில் வைத்துத் தருவார்கள். மற்ற ஊர்களிலும் அசோகா கிடைக்கிறது, சாப்பிட்டிருக்கிறேன். பரவாயில்லை என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இதையெல்லாம் இனிப்பாகவே எழுதிக்கொண்டு போவதில் ஒரு பொய் இருக்கிறது. எங்களுக்கு அது விடுமுறை. அம்மாவுக்கும் அத்தைக்கும் சமையலறையை ஆற்றங்கரைக்குத் தூக்கிவந்த நாள். மூன்று மணிக்கு எழுந்தவர்கள் அவர்கள்தான். கடைசியில் சாப்பிட்டவர்களும் அவர்கள்தான். ஆனால் பாத்திரம் கழுவியானதும் கடைசிப் படியில் வரிசையாக உட்கார்ந்து, புடவையைக் கெண்டைக்கால்வரை தூக்கித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு அவர்கள் சிரித்த சிரிப்பை வீட்டில் நான் கேட்டதில்லை. என்ன பேசினார்கள் என்று தெரியாது. பிள்ளைகள் கிட்டே போனால் பேச்சு நின்றுவிடும்.

பிறகு காலம் மாறியது. 2012 முதல் 2019 வரை ஓராண்டுகூட ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கவில்லை. சில ஆண்டுகளில் ஆடிப் பதினெட்டு கழிந்து வாரக்கணக்கில் ஆன பிறகுதான் தண்ணீர் விட்டார்கள். அந்த வருஷங்களில் அடிபம்புக்கும் போர் குழாய்க்கும் மஞ்சள் குங்குமம் வைத்துப் படைத்தவர்கள் டெல்டா முழுக்க உண்டு. கேலி செய்தவர்களும் உண்டு. எனக்குக் கேலி வரவில்லை. அப்பாயி இருந்திருந்தால் அவரும் அதைத்தான் செய்திருப்பார், புளிக்காய்ச்சலில் எண்ணெய் பிரிகிறதா என்ற அதே கண்டிப்போடு. 2020-இல் மறுபடி ஜூன் 12-இல் அணை திறந்தபோது, தாத்தா இல்லாத வீட்டில் பேப்பரை நான் எடுத்துப் பார்த்தேன்.

ஆடிப் பதினெட்டு ஆகஸ்ட் 2 அல்லது 3-இல் வரும். தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு பஸ்ஸுக்குக் குறைவில்லை. போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், வெயிலேறினால் படித்துறையில் கால் வைக்க இடம் இருக்காது. மாலையை ஆற்றில் விடலாம், அது வந்த பாலிதீன் பையை விடவேண்டாம். பிள்ளைகளை ஜன்னலோரம் உட்காரவையுங்கள். புது ஆற்றையும் கணக்கில் சேர்க்கச் சொல்லி அழுதால், சேர்த்துவிடுங்கள்.